வெயில் கால அளவு

சலூனில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. கத்தரிக்கோல் நின்றாலும் என் வாய் நிற்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

வெயில் காலம் முடிகிற நேரத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கினவள், ஒரு மனுஷனை எதிர்பார்த்து நின்றதில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள், வேறு நாதியில்லை. என் அறையைக் காலி செய்துவிட்டு அவளுடைய மூன்றாம் மாடி வீட்டுக்கே வந்துவிட்டேன். அங்கே ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலோரம் பதினொரு தொட்டிச் செடிகள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எடை நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா மூக்கு வழியா குழாய் போடணும். அதை அவங்க உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது. மெதுவா முழுங்க வருது. எப்படியாவது வாயால சாப்பிட வைங்க."

அன்றைக்கு அவள் எடை நாற்பத்து மூன்று.

சாப்பிட வைப்பதோடு செடிகளையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். கண் விழித்தால் அக்கா முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். அங்கே ஒரு இலை வாடினாலும் அவளுக்கு மனசு விட்டுப்போகும் என்று பயம். தண்ணீர் அளவு எனக்குத் தெரியும். போன வெயிலில் நாலு நாள் வெளியூர் போனபோது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"தினம் காலைல தொட்டிக்கு ஒரு டம்ளர். மறந்தே, வந்து தோலை உரிச்சிடுவேன்."

மறப்பேனா? மழைக் காலம் முழுக்க ஒரு நாள் தவறாமல் ஊற்றினேன். மணி பிளான்ட் மஞ்சளடித்தது. தாகம்தான் என்று ஒன்றரை டம்ளர் ஆக்கினேன். குளிர் இறங்கியது, ஜன்னல் கண்ணாடி காலையில் வேர்த்துக் கிடந்தது. பாம்புச் செடி அடியில் கொழகொழத்துச் சாய்ந்தது. இரண்டு டம்ளர் ஆக்கினேன்.

நான் சொம்பைத் தூக்கினாலே அக்கா இடது கை முட்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள்.

"இதோ ஊத்துறேன்க்கா. பறக்காதே. உன் பிள்ளைங்க பட்டினி கிடக்காது, போதுமா?"

இன்னும் வேகமாகத் தட்டுவாள். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவளுக்கு. செடியை நினைத்து அழுகிறாள் என்று நானும் சேர்ந்து அழுவேன்.

சாப்பாட்டு நேரத்திலும் இதே ரகளை. உதட்டை இறுக்கிக்கொள்வாள். இடது கை வந்து கரண்டியில் மோதும், பருப்புத் தண்ணீர் சிந்தும். ஒவ்வொரு சொட்டும் அவள் உயிர் என்று எனக்கு இருந்தது. அந்தக் கையை என் முழங்காலால் அமுக்கிக்கொண்டு ஊட்டினேன். "ஆ காட்டு. இன்னும் ஒரே வாய். என்னை அநாதையாக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறியா?" என்று கத்துவேன். பாதிக்கு மேல் துப்பிவிடுவாள்.

குளிர் பாதிகூட முடியவில்லை, தொட்டி மூன்றுதான் மிச்சம். எடை நாற்பதரை. நாளை மறுநாள் மறுபடி எடை பார்க்க வேண்டும்.

அன்றைக்குச் சலூனுக்கு முடி வெட்ட வந்த, செடி விற்கிற நர்சரிக்காரரிடம் புலம்பித் தீர்த்தேன். மனுஷன் பாதி வெட்டின தலையோடு எழுந்து, "வாங்க, பாத்துடலாம்" என்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஜன்னலோரம் போய் மணி பிளான்டைக் கொடியோடு பிடித்து இழுத்தார். கையோடு வந்தது. வேர் கறுத்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"எவ்வளவு ஊத்துறீங்க?"

"ரெண்டு டம்ளர். தினமும்."

"அடக் கடவுளே! குளிர்ல செடி தண்ணி குடிக்காதுங்க. மண்ணுல விரலை விட்டுப் பாத்தீங்களா, ஈரம் இருக்கா இல்லையான்னு?"

"இல்லீங்க."

"பாக்காம எப்படி ஊத்துனீங்க? இதெல்லாம் வாடிச் சாகல. நீங்க மூழ்கடிச்சிருக்கீங்க."

கட்டிலில் சட்டம் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா நர்சரிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். ஆமாம், ஆமாம் என்று ஆட்டுகிறாள். நாலு மாதமாக அவள் சொன்னதெல்லாம் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் போன பிறகு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரண்டியை நீட்டினேன். அவள் கை எழும்பி வந்தது. வழக்கம்போல என் முழங்கால் அதன் மேல் ஏறப் பார்த்தது.

முழங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். செடிக்குச் செய்ததைத்தானே இவளுக்கும் செய்துகொண்டிருக்கிறேன், பாவி!

"அக்கா, சாப்பாடே வேணாமா? செத்துடுவேக்கா."

சட்டத்தைத் தட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கை கரண்டியைத் தொட்டது. காம்பைப் பிடித்து இழுத்தது. விட்டேன்.

கட்டில் மேல் ஒரு பலகையைப் போட்டு, கிண்ணத்தை அதில் வைத்தேன். முதல் கரண்டி முழுசும் மாரில் கொட்டியது. இரண்டாவது கன்னத்தில். நாளை மறுநாள் எடை, அரைக் கிலோதான் இடைவெளி, இங்கே சாப்பாடு போர்வையில் ஓடுகிறது. பிடுங்கி நானே ஊட்டிவிடலாம் என்று கை தானாக நீண்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது கரண்டி கோணலாகப் போய் வாய்க்குள் சேர்ந்தது. நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தின் விளிம்பில் விரலை மாட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.