கேஸ் ஷீட்டின் மூலையில் ஒரு வட்டம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்ததல்ல. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் நடந்தது. நடுவில் ஒரு திரை. அதுவும் பாதி வளையம் அறுந்த திரை.

2

வழக்கம்போல் ஆரம்பித்தேன்:

'வீல்' என்ற அலறல் அந்தக் கட்டடத்தையே கிடுகிடுக்க—

(அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். முனகலில் தொடர்கதை ஆரம்பித்தால் பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.)

மறுபடி:

பக்கத்துக் கட்டில் தையல்கடைக்காரி இரண்டு வாரத்தில் மூன்றாவது முறையாக வயிற்றுவலியோடு வந்திருந்தாள். முந்தைய இரண்டு முறையும் வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தவன் அவள் கணவன், பஸ் டிரைவர். டூட்டிச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லை அவனுக்கு.

"டாக்டர், நம்ம கதாநாயகி வந்தாச்சு" என்றாள் நர்ஸ்.

"இன்னிக்கு என்ன சீன்?"

"அதே வயித்துவலி சீன்தான். நடிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. நர்ஸ் கேஸ் ஷீட்டின் வலது மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

(அடிக்குறிப்பு: வட்டம் என்றால் 'நடிப்பு கேஸ், மெதுவாகப் பார்க்கலாம்'. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஃபைல் உள்ளே போவதற்கு முன் அழித்துவிடுவார்கள், பென்சில் அதற்குத்தான். என் கட்டிலைத் தள்ளிவந்த வார்டு ஊழியர்தான் இதை விளக்கினார், என்னைச் சிரிக்கவைக்க. நான் சிரித்தேன். அதை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கிறேன், பாருங்கள்.)

3

நர்ஸை வில்லியாக்குவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் என் சட்டைக் கையைத் துளிகூட வலிக்காமல் கழற்றிவிட்டதும் இதே நர்ஸ்தான். "பயப்படாதீங்க சார், அந்தப் பக்கம் பாருங்க" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினாள். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக எப்படி எழுதுவது? அவள் நல்லவள்தான், ஆனால்— அவள் கெட்டவள், இருந்தாலும்—

விட்டுவிடுகிறேன். கணவனிடம் போவோம்.

4

அவன் மேசைக்கு ஓடினான்.

"சிஸ்டர், ரொம்பத் துடிக்கிறா. ஒரு நிமிஷம் வந்து பாருங்க சிஸ்டர்."

"வரிசை இருக்குல்லண்ணா? இங்க அவங்களுக்கு மட்டும்தான் வலியா?"

அரைமணி கழித்து மறுபடி போனான். டாக்டர் ஷீட்டைக் கையில் எடுத்தார். மூலையைப் பார்த்தார். அடுக்கின் அடியில் செருகினார். அதைக் கணவன் பார்த்தான். காரணம்தான் புரியவில்லை.

மூன்றாவது முறை போக எழுந்தபோது அவள் முனகல் நின்றுபோயிருந்தது.

"வலி விட்டுடுச்சாம்மா?"

"தண்ணி..." என்றாள்.

மேசையிலிருந்து நர்ஸின் குரல் வந்தது: "பார்த்தீங்களா? கண்டுக்காம விட்டா தானா அடங்கிடும்."

அவன் தலையாட்டினான். இவர்களைப் பகைத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? சிரிக்கக்கூட முயன்றான். பிறகு அவள் கையைப் பிடித்தான். ஜில்லென்று, வேர்த்து நனைந்திருந்தது.

"சிஸ்டர்!"

(இந்த இடத்தில் நான் மூன்று பக்கம் இழுப்பேன். இழுக்க ஒன்றுமில்லை.)

எல்லோரும் ஓடிவந்தார்கள். உண்மையாகவே ஓடினார்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிறு முழுக்க ரத்தம். பன்னிரண்டு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது.

கூட்டம் கலைந்ததும் நர்ஸ் அந்த ஷீட்டின் மூலையை ரப்பரால் தேய்த்தாள். அழுத்தியதில் காகிதம் கசங்கியது. நீவிவிட்டாள். தூளை ஊதினாள். நிமிர்ந்தபோது திரை இடுக்கில் என் கண்ணைப் பார்த்துவிட்டாள். அழுதிருந்தாள்.

"கட்டு இறுக்கமா இருக்கா சார்?" என்றாள்.

5

கட்டைப் பார்க்க மறுபடி போன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கணவன் என்னைப் பிடித்தான்.

"அன்னிக்குப் பக்கத்துக் கட்டில்ல நீங்கதானே சார்? புகார் கொடுத்திருக்கேன். எல்லாரையும் வரிசைப்படிதான் பார்த்தோம்னு சாதிக்கிறாங்க. அந்த டாக்டர் ஷீட்டை எடுத்து, என்னமோ பார்த்துட்டு அடியில வச்சாரு. அதுல அப்படி என்ன சார் இருந்துச்சு? நீங்க ஏதாச்சும் பார்த்தீங்களா?"

முடிவு ஒன்று: "பார்த்தேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." நர்ஸுக்கு வேலை போகிறது. டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார். வட்டம் முக்கோணமாகிறது.

முடிவு இரண்டு: நர்ஸே வந்து ஒப்புக்கொள்கிறாள். (வாசகர்களுக்குப் பிடிக்கும்.)

முடிவு மூன்று: "ஊசி போட்ட மயக்கத்துல இருந்தேன்ப்பா. ஒண்ணும் ஞாபகமில்ல."

முதல் இரண்டையும் எழுதினேன். கடைசியைச் சொன்னேன்.

"பரவால்ல சார்" என்றான் அவன். "நீங்களும் பாவம் வலியோட இருந்தீங்க. உங்களையாச்சும் சீக்கிரம் பார்த்தாங்களா?"

விசாரணை வியாழக்கிழமை. இன்று செவ்வாய். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வியாழன் தாண்டியிருக்கும். நான் போனேனா, இல்லையா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.