காய்ச்சல் கூடை

சவப்பெட்டியின் குறுக்கே கூடையை நீட்டியபோது கவ்ரிலின் கை தாழ்ந்தது. இவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ரஃபீலா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். கூடையின் பிடியில் கட்டியிருந்த மெழுகுவர்த்தி, ஜன்னல் வழியாக வந்த காற்றில் அணைவதா எரிவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"செனோவியாவோட ஆன்மாவுக்கு" என்றார் கவ்ரில்.

"கடவுள் ஏத்துக்கட்டும்" என்றாள் ரஃபீலா, கூடையைப் பார்த்தபடி. பெட்டிக்குள் கிடந்தவளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பெண் செத்தால் அவள் வயதுள்ள இன்னொரு பெண்ணுக்குத்தான் இந்தத் தானம் போக வேண்டும். போர்வை, துண்டு, தட்டு, கோப்பை, கரண்டி, எல்லாம் புதிதாக. வாங்கியவள் இங்கே அந்தக் கோப்பையில் குடிக்கிற ஒவ்வொரு வாயும் அங்கே செத்தவளுக்குப் போய்ச் சேரும். அந்தத் தெருவில் அறுபத்தெட்டு வயதில் மிச்சமிருந்த ஒரே பெண் ரஃபீலா. அவளுக்கும் செனோவியாவுக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை என்பது வெளியூரிலிருந்து வந்து காரியத்தை நடத்திய சவேத்தாவுக்குத் தெரியாது. சவேத்தா செனோவியாவின் தங்கை. புருஷன் கவ்ரிலுக்குத் தெரியும். ஆனால் மூன்று நாளாக அவர் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. கையில் கொடுத்ததை வாங்கினார், நீட்டச் சொன்ன இடத்தில் நீட்டினார்.

கல்லறையில் நவம்பர் காற்று எலும்புவரை போனது. திரும்பி வந்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. கவ்ரில் கணப்பை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகு குளிர்ந்தது, கண் எரிந்தது. இந்தக் குளிர் அவருக்குப் பழக்கமான குளிர்தான்.

"சவேத்தா, சமையல்கட்டு அலமாரிக்குக் கீழ ஒரு கூடை இருக்கும். எடுத்துட்டு வாயேன்."

"எந்தக் கூடை அத்தான்?"

"உங்கக்கா வச்சது. கோடு போட்ட புதுத் துண்டால மூடி வச்சிருப்பா."

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சவேத்தாவின் கை நின்றது.

"அதைத்தானே அத்தான் பெட்டிக்கு மேல கொடுத்தீங்க."

"எதை?"

"அந்தக் கூடையை. போர்வை, துண்டு, தட்டு, கோப்பை எல்லாம் புதுசா இருந்துச்சு. அக்கா எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வைக்கிறவ. தன் தானத்துக்கும் அவளே எடுத்து வச்சுட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். நான் அழுதுகிட்டே மெழுகுவர்த்தி கட்டினேன்."

"அது காய்ச்சல் கூடை" என்றார் கவ்ரில்.

"காய்ச்சலுக்கு எதுக்குப் புதுத் தட்டு?"

"காய்ச்சல்காரன் தட்டைத் தனியா வைக்கணுமாம். அவதான் சொன்னா."

போன குளிர்காலத்தில் கவ்ரிலுக்கு ஃப்ளூ வந்தது. காய்ச்சல் விட்ட மறுநாளே எழுந்துபோய் வேலி கட்டினார். அன்று மாலையே மறுபடி விழுந்து மூன்று வாரம் எழவில்லை. அதற்குப் பிறகுதான் செனோவியா இந்த வருடம் இலையுதிரத் தொடங்கியதும் கூடையில் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள். தெர்மாமீட்டர், மாத்திரை, காய்ச்சலுக்குக் கஷாயம் போடும் லிண்டன் பூ, காய்ந்த காட்டு ரோஜாக்காய், தேன், வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை, நெஞ்சில் தேய்க்க ஒரு சின்னப் பாட்டில் பிளம் சாராயம். "ஊருக்கே ஆஸ்பத்திரி வைக்கப் போறியா?" என்று அவர் கேலி செய்தார். ஒருநாள் அவரை உட்காரவைத்து எது எதற்கு என்று விளக்கினாள். டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. சரி சரி என்று தலையாட்டினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. சமையல்கட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை, செனோவியா இறுக்கி மூடிய பாட்டில்களைத் திறந்து கொடுப்பதுதான்.

பிள்ளைகள் இல்லாத வீடு. நாற்பத்து நான்கு வருடமாக அவருக்கு ஒருத்திதான் எல்லாம் செய்தாள். அவள் அவருக்காகக் கடைசியாகக் கட்டிவைத்தது அந்தக் கூடை. அதைத் தன் கையாலேயே தூக்கி, அவளோடு பேசாதவளிடம் கொடுத்துவிட்டார். செனோவியா விழுந்த நாளிலிருந்து அவர் அழவே இல்லை.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தார்.

"பேசாம உட்காருங்க. பெட்டிக்கு மேல கொடுத்ததைத் திருப்பி வாங்கினா அக்கா அங்க வெறுங்கையா நிப்பா. கோப்பைகூட இல்லாம."

கவ்ரில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதை நம்புகிறவரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. ஆனால் செனோவியா நம்பினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் சவேத்தா ஊருக்குக் கிளம்பினாள். கால் உடைந்து படுத்திருக்கும் புருஷனை அவள் வெகுநாள் விட்டுவைக்க முடியாது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவாளோ என்று கவ்ரில் அவள் கிளம்பும்வரை இரண்டடி தள்ளியே நின்றார். பஸ் போனதும் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவின் மறுகோடிக்கு நடந்தார். நூறு அடிதான், நாலு இடத்தில் நின்று மூச்சுவிட வேண்டியிருந்தது.

ரஃபீலா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே?"

கூடையைக் கொடு என்று சொல்லத்தான் வந்தார். வாய் வரவில்லை.

"கூடை... நல்லா இருந்துச்சா?"

"கூடை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல." அவள் கிட்டே வந்து, கேட்காமலேயே புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். "அடுப்பு மாதிரி கொதிக்குது. இதோட எதுக்கு வெளிய வந்தீங்க? வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து கோட்டோடு கட்டிலில் விழுந்தார். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. ரஃபீலா வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கூடையோடு நின்றாள்.

"திருப்பித் தர வந்தேன்னு நினைக்காதீங்க" என்றாள். "இது என் சாமான். பெட்டிக்கு மேல வாங்கினது. என் சாமானை நான் எங்க வேணா தூக்கிட்டுப் போவேன், எங்க வேணா உபயோகிப்பேன். கோட்டைக் கழட்டுங்க."

நேற்றிரவு துண்டைத் திறந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டதாம். சொர்க்கத்துக்கு யாரும் தெர்மாமீட்டர் கொடுத்தனுப்புவதில்லை. எப்படித் திருப்பித் தருவது என்றுதான் தெரியாமல் விழித்திருக்கிறாள்.

கூடையின் அடியில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. ரஃபீலா அதை அவரிடம் நீட்டினாள். "கண்ணாடி கொண்டு வரலை. நீங்களே படிங்க."

கவ்ரில் படித்தார். "முதலில் படுக்க வை. படுக்க மாட்டார். கோட்டை ஒளித்து வை. முப்பத்தெட்டரைக்கு மேல் போனால் மட்டும் மாத்திரை, ஒன்று. ஆறு மணி நேரம் ஆகாமல் அடுத்தது கிடையாது, எவ்வளவு முனகினாலும். அவர் சொல்வதை நம்பாதே, தெர்மாமீட்டரை நம்பு. சாராயம் நெஞ்சில் தேய்க்க. குடிக்கக் கேட்பார், கொடுக்காதே. மூச்சு வாங்கினாலோ, நாலு நாளில் இறங்காவிட்டாலோ டாக்டரைக் கூப்பிடு. காய்ச்சல் விட்ட பிறகு மூன்று நாள் வாசல் தாண்டக் கூடாது. வேலி கட்டப் போவார்."

ரஃபீலா துணிக்குள்ளே சிரித்தாள். பிறகு, "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டாள்.

கவ்ரில் காகிதத்தை மறுபடி பார்த்தார். படுக்க வை. ஒளித்து வை. கூப்பிடு. நாற்பத்து நான்கு வருடம் காகிதம் இல்லாமல் பார்த்துக்கொண்டவள், தனக்கே இதை எழுதிக்கொள்ள மாட்டாள். செப்டம்பரில் நெஞ்சு டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சுன்னு சொன்னார்" என்றாள். பேனா எங்கே என்று அப்போதுதான் கேட்டாள். டிவி ஆட்டத்தில் கோல் விழப்போகிற நேரம், நீயே தேடிக்கோ என்றார் இவர்.

"யாராவது பார்த்துக்கப் போறவங்களுக்கு" என்றார். குரல் உடைந்தது. அடக்கவில்லை, அடக்கவும் முடியவில்லை. கிழவர் குழந்தை மாதிரி அழுதார். ரஃபீலா சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள்.

திரும்பி வந்தபோது கோப்பையில் லிண்டன் பூவின் மணம் இருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, "உங்க வீட்டுக்காரிக்கும் சேரட்டும்" என்றாள்.

"பேர் சொல்ல மாட்டியா?"

"ரொட்டிக்கடை வரிசையில நான் இருமினேன்னு ஊருக்கு முன்னாடி என்னை வீட்டுக்குப் போன்னு விரட்டினவ. ஒன்பது நாள் தனியா கிடந்தேன். அதெல்லாம் ஒரே நாள்ல போயிடுமா? குடிங்க."

அவர் குடித்தார்.

நாலாவது நாள் காலையில் தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது. அது செனோவியா போய் ஏழாம் நாள். ஒன்பதாம் நாள் கல்லறையில் படைக்க வேண்டும். கவ்ரில் கோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை.

"மூணு நாள்னு எழுதியிருக்கு" என்றாள் ரஃபீலா.

"ஒன்பதாம் நாள் அவ புருஷன் போகாம யார் போவா?"

"எழுதினது உங்க பொண்டாட்டி. சண்டையை அவகிட்ட வச்சுக்கங்க. நான் போறேன்."

ஒன்பதாம் நாள் போனாள். அரைநாள் கழித்து, மூக்கு சிவந்து, முழங்காலில் கல்லறை மண்ணோடு திரும்பினாள். மெழுகுவர்த்தி மூன்று முறை அணைந்தது, மூன்று முறையும் ஏற்றினேன் என்றாள். அலமாரியின் பின்னாலிருந்து கோட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் இருமினாள்.

பதினோராம் நாள் காலையில் அவள் வரவில்லை. கவ்ரில் ஒன்பது மணிவரை ஜன்னலில் நின்று பார்த்தார். அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. கூடையை மேசைமேல் வைத்தார். தட்டையும் கோப்பையையும் கொதிநீரில் கழுவினார், அதில் கையைச் சுட்டுக்கொண்டார். போர்வையை மடித்தார். அது மடிந்த லட்சணத்தைச் செனோவியா பார்த்திருந்தால் பிரித்து மறுபடி மடித்திருப்பாள். மாத்திரை இரண்டுதான் மிச்சம். மருந்துக்கடைக்கு நடந்து ஒரு அட்டை வாங்கினார், லிண்டன் பூவும் வாங்கினார். சாராயப் பாட்டிலில் தேய்க்கப் போதுமானது இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தேன் தீர்ந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில், கோடையில் செனோவியா தேன் ஊற்றி இறுக்கி மூடி வைத்த பாட்டில் நின்றது. அதை எடுத்துக் கூடையில் வைத்து, கோடு போட்ட துண்டால் மூடினார்.

ரஃபீலா மூன்று கம்பளிக்கடியில் சுருண்டிருந்தாள். கூடையைக் கண்டதும் தலையைத் தூக்கினாள்.

"என்னண்ணே, தானத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?"

"உன் சாமான் என் வீட்டுல கிடந்துச்சு. கொண்டு வந்தேன்." தெர்மாமீட்டரை நீட்டினார். "நீ சொல்றதை நம்பக் கூடாது, இதைத்தான் நம்பணும்னு எழுதியிருக்கு."

முப்பத்தொன்பது. ஒரு மாத்திரை கொடுத்து, மணியைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்தார். அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தார். பூவைப் போட்டுவிட்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று காகிதத்தில் தேடினார், இல்லை. அதையெல்லாம் எழுத வேண்டும் என்று செனோவியாவுக்குத் தோன்றியிருக்காது.

"இதை எவ்வளவு நேரம் கொதிக்க விடணும்?" என்று சமையல்கட்டிலிருந்தே கேட்டார்.

"கொதிக்கவே விடாதீங்க. இறக்கி மூடி வைங்க. வெளிர்மஞ்சளா வர்ற வரைக்கும்."

மூடினார், காத்திருந்தார், வடிகட்டினார். பாதி அடுப்பில் சிந்தியது. மிச்சத்தைக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். ரஃபீலா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டாள்.

"செனோவியாவுக்குச் சேரட்டும்" என்றாள்.

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "தேன் போடலையா?"

"மறந்துட்டேன்."

கவ்ரில் கூடையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்தார். மூடி இறுகியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட துண்டைச் சுற்றி, மெல்லத் திருகினார். முதல் தடவை அசையவில்லை. அவசரப்படாமல் பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி திருகினார்.