அஞ்சுகம் வீட்டு ஓடு

அந்த மாநிலத்தில் ஓட்டும் ஓடும் ஒன்றுதான். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு, அவரவர் பாய் விரிக்கிற இடத்துக்கு நேர்மேலே கூரையில் ஒரு சிவப்பு ஓடு பதித்துக் கொடுத்துவிடுவார்கள். அது ஆளும் கட்சியின் ஓடு. வேறு கட்சி கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக எதிர்த்து நிற்பது வானம் மட்டும்தான். ஓடு இருந்தால் கட்சிக்கு ஓட்டு. ஓடு விழுந்து ஓட்டையானால் வானத்துக்கு ஓட்டு.

ஓடு சும்மா விழாது. அதற்குக் காது உண்டு. மனசுக்குள் நினைப்பது அதற்கு எட்டாது. கீழே நிற்கிற ஆள் வேட்பாளரைப் பற்றிக் குறையாக ஏதாவது வாய்விட்டுச் சொன்னால், வெளிப்பக்கமாகச் சரிந்து தெருவில் விழும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்ளும். தேர்தல் நேரத்தில் கருத்துக்கணிப்புக்காரர்கள் ஏணியோடு வந்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டு போவார்கள். நூற்றுக்கு நாலைந்து இருக்கும். அதுவும் தூக்கத்தில் உளறுகிறவர்கள் வீடாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் வேட்பாளர் குணசீலன். தேர்தலுக்கு இருபது நாள் இருக்கும்போது பேப்பரில் ஒரு போட்டோ வந்தது. குணசீலன் ஒரு பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு பெண். அவருடைய வீட்டில் இருக்கிற மனைவி இல்லை, வேறு பெண். பெயர் தமயந்தி. அந்தக் குழந்தை குழலி இப்போது ஆறாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் எழுதச் சொன்னதற்கு, உள்ளதை எழுதிவிட்டாளாம். அதிலிருந்துதான் எல்லாம் வெளியே வந்தது. குணசீலனைக் கேட்டதற்கு, இது யார் என்றே தனக்குத் தெரியாது, பிரச்சாரத்துக்குப் போகிற இடத்தில் எத்தனையோ குழந்தைகளைத் தூக்குகிறோம் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஓடு விழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு லூர்தக்கா கீரை ஆய்ந்துகொண்டே, பெத்த பிள்ளையைத் தெரியாது என்கிறவனா நாளைக்கு நம்மைத் தெரியும் என்று சொல்லப்போகிறான் என்று கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் ஓடு தெருவில் கிடந்தது. முதல் வாரம் வானத்துக்கு நூற்றுக்குப் பத்தொன்பது. இரண்டாவது வாரம் நாற்பத்தாறு. கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சினார்கள்.

அஞ்சுகத்தின் ஓடு மட்டும் அசையவில்லை.

உண்மையில் அந்த ஊரிலேயே கண்ணால் கண்டது அவள் ஒருத்திதான். ஐந்தாவதோடு படிப்பு நின்றதும் தமயந்தி வீட்டுக்குத்தான் வேலைக்குப் போனாள். குழலியைப் பிறந்த நாளிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்தாள். குணசீலன் வருகிற நாளெல்லாம் செருப்பை வாசலில் விடமாட்டார். கையோடு உள்ளே எடுத்து வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார். குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாக நகம் வெட்டிவிடுவார். அஞ்சுகம் பக்கத்தில் உட்கார்ந்து நகங்களைப் பொறுக்குவாள்.

இப்போது அவளுக்கே ஒரு எட்டு மாதக் குழந்தை. புருஷன் துரையன் தண்ணி லாரி ஓட்டுகிறான். அந்த வேலை குணசீலன் சொல்லிக் கிடைத்தது. துரையன் கெட்டவன் இல்லை, அதட்டுகிறவனும் இல்லை.

"வாயத் தெறக்காதன்னு நான் சொல்லல. கொட்டாவி விடறப்பகூடக் கொஞ்சம் பாத்து விடு" என்று மட்டும் சொன்னான்.

ஒரு நாள் மத்தியானம் தமயந்தி வந்தாள். குழலியும் யூனிபார்மோடு வந்திருந்தாள். அஞ்சுகம் மோர் கொடுத்தாள். தமயந்தி அதைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பேசினாள். எனக்கு அவர் வேண்டாம், அவர் சொத்தும் வேண்டாம், பிள்ளை பொய் எழுதினாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், அது ஒன்றுதான் என்றாள்.

"ஊரக் கூட்டிச் சொல்ல வேணாம் புள்ள. உன் வீட்டுக்குள்ள, உன் ஓட்டுக்குக் கீழ நின்னு, பாத்தேன்னு ஒரு வார்த்தை. அதுக்குக் கேட்டாப் போதும்."

அஞ்சுகம் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, முடியாது என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. தலையாட்டுவது ஓட்டுக்குக் கேட்காது.

பிரச்சாரம் முடிகிற கடைசி நாள் குணசீலன் அந்தத் தெருவுக்கே வந்தார். லூர்தக்கா ஓட்டை வழியாக வெயில் முகத்தில் அடிக்கிறது என்று கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றாள். அஞ்சுகத்தின் கூரையைப் பார்த்து, உன் ஓடு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, தேங்காய் உடைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜீப்பில் நின்றபடி குணசீலனும் அந்தக் கூரையைத்தான் கைகாட்டினார்.

"அந்தம்மா வீட்ல வேல பாத்த பொண்ணு இந்த வீட்லதான் இருக்கு. நான் அங்க போயிருந்தா அது பாத்திருக்காதா? பாருங்க. ஓடு அசைஞ்சிருக்கா?"

தெருவே அண்ணாந்து பார்த்தது. கூட்டத்தில் தமயந்தியும் குழலியும் நின்றார்கள். உள்ளே அஞ்சுகம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். வார்த்தை தொண்டையைத் தாண்டிப் பல் வரைக்கும் வந்துவிட்டது. பல்லில் அதன் இளஞ்சூடு தெரிந்தது. குழந்தை அவள் வாயையே பார்த்தது. அஞ்சுகம் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளியே ஒவ்வொன்றாக ஓடுகள் திரும்ப ஏறுகிற சத்தம் கேட்டது. அவளே சொல்லவில்லை, நாம் ஏன் சொன்னோம் என்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கூட்டம் கலைந்திருந்தது. குழலி மட்டும் இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தமயந்தி வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

குணசீலன் ஜெயித்தார். வானத்துக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. இதுவரை வானம் வாங்கியதிலேயே இதுதான் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள்.

எண்ணி முடித்த மறுநாள் அஞ்சுகம் ஓட்டுக்குக் கீழே நின்று, பாத்தேன் என்றாள். செருப்பைச் சொன்னாள். நகத்தைச் சொன்னாள். தோசைக்கல்லைக்கூட அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். ஓடு அசையவில்லை. எண்ணிக்கை முடிந்தால் ஓட்டுக்கு அஞ்சு வருஷம் காது கேட்காது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அது தெரியாமல் சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது. தமயந்தி வீட்டைக் காலி பண்ணிவிட்டாள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது என்று லூர்தக்கா சொன்னாள். அவள் இப்போது கண்ணாடி போடவில்லை.

மூன்றாம் நாள் தேர்தல் ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். நேரத்துக்குச் சொல்லாமல் விட்ட சொல் ஆபீசில் தங்கிப்போகும், அதை உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி என்று சொல்லி ஒரு துணி மூட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அஞ்சுகம் எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதி முடிக்கிறவரை பொறுமையாக நின்றார். மூட்டை அவள் குழந்தையைவிடக் கனம். பிரித்து, உள்ளேயிருந்த சொல்லை வாய்க்குள் வைக்கப் பார்த்தாள். கொள்ளவில்லை. வளர்ந்துவிட்டிருந்தது.

அதற்கு முகம் துடைத்துவிட்டாள். துரையனுக்குச் சோறு மூடிவைத்துவிட்டு, குழந்தையை ஒரு இடுப்பிலும் அதை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு குழலியைத் தேடிப் பஸ் ஏறினாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் குனிந்து அதனிடம் கேட்டார். அது ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னது.

"கைக்குழந்தைக்கு வேணாம்மா. இதுக்கு அரை டிக்கெட் எடுக்கணும். வயசு என்ன?"

"பதினொண்ணு நடக்குதுங்க."

ஒன்றரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அது ஜன்னலோரம் வேண்டும் என்றது. அஞ்சுகம் நகர்ந்து இடம் விட்டாள்.