அஸ்மத்தின் நடு சீட்

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ பிளாக்கில் 'ஏழாம் மாடி' என்றால் இப்போது வீடு இல்லை, இசைக்குழு. பாடுவது வர்ஷா, கிட்டார் நிதீஷ், டிரம்ஸ் அஸ்மத். சினிமாப் பாட்டைத் தொடமாட்டார்கள். எல்லாம் சொந்தச் சரக்கு. அதனால் முதல் இரண்டு வருடம் கேட்க ஆளில்லை. தீபாவளிச் சந்தையில் பாடியபோது நானும் முறுக்குக் கடைக்காரரும்தான் இருந்தோம். அவரால் கடையை விட்டுப் போக முடியாது.

பிறகு வர்ஷாவும் நிதீஷும் காதலித்துப் பிரிந்தார்கள். பிடித்தது யோகம். மேடையில் இவள் இந்தப் பக்கம் திரும்பிப் பாடுவாள், அவன் அந்தப் பக்கம் திரும்பி வாசிப்பான். ரசிகைகள் தேம்பித் தேம்பி அழுவார்கள். பினாங்கு வரை கூப்பிட்டார்கள். இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. "அஸ்மத், அவனை ஸ்லோவா வாசிக்கச் சொல்லு." "அஸ்மத், அவளை ஒழுங்கா ஸ்ருதி சேரச் சொல்லு." நாலு வருடமாக வேனில் நடு சீட் அஸ்மத்துக்குத்தான்.

இந்தப் பொங்கல் முடிந்து, சிராங்கூன் ரோட்டில் செல்லக்கண்ணு நகைக்கடைக்கு மூக்குத்தித் திருகாணி மாற்றப் போனேன். உள்ளே இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்துத் தாலி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ ஆன்ட்டி!" என்றாள் வர்ஷா. "மறுபடி சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. பிளீஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த சனிக்கிழமை ஜாலான் புசார்ல பெரிய ஷோ. நாங்க சந்தோஷமா இருக்கோம்னு தெரிஞ்சா ஒருத்தரும் அழமாட்டாங்க லா. பேண்ட் காலி!"

"அஸ்மத்துக்கு?"

"அவனுக்கு நடிக்க வராது ஆன்ட்டி," என்றான் நிதீஷ். "ஷோ முடிஞ்சதும் சொல்லிடுவோம்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நஃபீசாவிடம் மட்டும், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு. அவளும் சத்தியம் வாங்காமல் ஒருவரிடமும் சொல்லவில்லையாம். சனிக்கிழமை எங்கள் பிளாக்கே மூன்று வரிசையில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்துகொண்டே மூக்கைச் சிந்தியது.

கடைசிப் பாட்டின் பாதியில் டிரம்ஸ் நின்றது. அஸ்மத் குச்சிகளைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"போதும்டா! போதும் வர்ஷா! நாலு வருஷமா நடுவுல உட்கார்ந்து என் முதுகே போச்சு. சேர்ந்துடுங்க லா!"

"சேருங்க! சேருங்க!" என்று அரங்கமே கத்தியது. எங்கள் வரிசைகள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. நிதீஷ் தயங்கித் தயங்கி வந்து வர்ஷாவின் கையைப் பிடித்தான். அவள் வெட்கப்பட்டாள் பாருங்கள், இத்தனை வருடப் பாட்டில் அத்தனை உணர்ச்சி வந்ததில்லை. மறுநாள் காலைக்குள் எல்லார் போனிலும் அந்த வீடியோதான். அடுத்த ஷோவுக்கு இப்போதே டிக்கெட் கிடையாது.

அஸ்மத்திடம் சொல்லத்தான் இருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தபின் யாருக்கு மனம் வரும்?

கல்யாணத்தில் அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். பந்தி பந்தியாகப் போய், "நான்தான் சேர்த்துவெச்சேன்" என்றான். என் பக்கத்து இலையில் நகைக்கடை செல்லக்கண்ணு.

"அப்படியா தம்பி? ஆனா தாலிக்கு ஆர்டர் குடுத்த தேதி..." என்று அவர் ஆரம்பித்ததும், என் ஜாங்கிரியை அவர் இலைக்குத் தள்ளினேன்.

அன்றுவரை என் ஜாங்கிரியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.