சிங்கத்தின் வாய்

அண்ணன் அப்பாவின் தாடையை மேலே தள்ளிப் பிடித்தான். கையை எடுத்ததும் வாய் பழையபடி திறந்துகொண்டது. உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாயை மூடுவதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்களே என்ற பதற்றம் அவனுக்கு.

"துணி வச்சுக் கட்டிரலாமா?" என்று தங்கையிடம் கேட்டான்.

அவளோ, செத்தும் வாயை மூடமாட்டேன் என்கிறாரே மனுஷன் என்று நினைத்தாள்.

அவர் நெசவு மில்லில் ஃபோர்மேன். நாள் முழுக்கத் தறிகளோடு மல்லுக்கட்டிக் கத்திவிட்டு, அதே குரலோடு வீட்டுக்கு வருவார். மில்லில் அவருக்குச் சிங்கம் என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், என்ன, முதுகுக்குப் பின்னால். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் கர்ஜனை, வாசல்கதவு திறந்து கிடந்தாலும் கர்ஜனை. அம்மா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகளுக்கு ஆத்திரமாக வரும்.

டாரட் என்கிற படச்சீட்டுகளைப் பார்த்துப் பலன் சொல்வது இப்போது மகளின் பிழைப்பு. அந்தச் சீட்டுக்கட்டிலேயே அவளுக்குப் பிடிக்காத சீட்டு 'வலிமை'. வெள்ளை உடை போட்ட ஒருத்தி குனிந்து, சிங்கத்தின் வாயில் வெறுங்கையை வைத்திருப்பாள். அவள் தலைக்கு மேலே எட்டு என்ற எண் படுத்துக் கிடக்கும். வாயைத் திறக்கிறாளா மூடுகிறாளா என்பதுகூடத் தெளிவாக இருக்காது. கோபத்தைப் பொறுமையால் வெல்வது என்று வருகிறவர்களுக்கு அர்த்தம் சொல்லுவாள். உடனே அம்மா ஞாபகம் வரும். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது என்று உள்ளுக்குள் திட்டிக்கொள்வாள்.

ஒருமுறை அந்தச் சீட்டை அம்மாவிடம் காட்டினாள். "பாவம், சிங்கத்துக்குப் பல்வலி போல" என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அம்மா கிண்ணத்தில் வெந்நீரும் மெல்லிய துணியுமாக வந்தாள்.

"தள்ளுடா."

"கட்டணும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போனாங்கம்மா."

"கட்டெல்லாம் வேணாம். அவருக்குப் பிடிக்காது."

கட்டிலில் உட்கார்ந்து, துணி சுற்றிய விரலை வாய்க்குள் விட்டு நாக்கையும் பற்களையும் துடைத்தாள். மருந்து கொடுக்கப் போன அண்ணனின் விரலைப் பதம் பார்த்த பற்கள் அவை. அம்மாவின் விரலுக்கு மட்டும் கடைசிவரை வழி விட்டன. துடைத்து முடித்ததும் உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் கொடுத்தாள். அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

மகளால் அடக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி அது.

"ஏம்மா, காலம் பூரா அவருக்குப் பயந்துக்கிட்டே இருந்துட்டியே?"

"பயமா? எதுக்கு?"

"அந்தச் சத்தத்துக்குத்தான்."

"சத்தத்த யாருடி கேட்டா?" அம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "நானும் அந்தத் தறிக்கூடத்துலதான வேலை பாத்தேன். அங்க யாரு என்ன கத்துனாலும் காதுல விழாது. வாயப் பாத்துத்தான் பேச்சு. வீட்லயும் எனக்கு அதே பழக்கம். அவரு கத்துனா வாயத்தான் பாப்பேன்."

"வாயப் பாத்தா என்ன தெரியும்?"

"ஒதடு நடுங்கும். கதவு தொறந்து கெடந்தா, நீங்க ரெண்டு பேரும் ரோட்டுக்கு ஓடிருவீங்கன்னு அவருக்கு உசுரே இருக்காது. பயந்தது அவருடி."

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "காலைல வாய அசைச்சாரே. மூச்சுக்குத் தவிக்கிறாருன்னு நெனச்சேன்."

"தறிய நிறுத்திட்டியான்னு கேட்டாரு. நிறுத்திட்டேன்னு சொன்னேன்."

காலையில் அம்மாவின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்ததை மகள் பார்த்திருந்தாள். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த 'வலிமை' சீட்டு அவள் நினைவுக்கு வந்தது. நாலு விரற்கடை உயரம்கூட இல்லாத அந்தச் சீட்டுப் பெண்ணின் முகத்தை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாள். அது பொறுமையே இல்லை. அவள் சிங்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கையை எடுத்தாள். வாய் மூடியபடியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் டீயை நீட்டினாள். அம்மா இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை தாடையைத் தாங்கிய வளைவு மாறாமல் மடியில் கிடந்தது.