இடது பக்கம் யார்?

"நிறுத்து. அங்கேயே நிறுத்துடா," என்று மகனிடம் சொன்னாள் ஒப்துலியா.

ருதிலியோ ரிமோட்டை அழுத்தினான். தொலைக்காட்சிக்குள் அவன் மனைவி நெரெய்தா அசையாமல் நின்றாள். ஒரு கை வரைபடத்தில் வளைகுடாக் கடலின் மேல் இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் மட்டும் நேரே பார்க்காமல் இடது பக்கம் ஒதுங்கியிருந்தன. உதட்டில் ஒரு சிரிப்பு.

அடுக்களையிலிருந்து பொரித்த நேந்திரம்பழத் தட்டோடு வந்த நெரெய்தா, தன்னையே பார்த்துத் திகைத்துப் போனாள். அது நேற்று மாலை அவள் வாசித்த வானிலை அறிக்கை. இதை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

"யாரு இது?" என்றான் ருதிலியோ.

"யாரா? நான்தான்."

"உன்னைக் கேக்கல. நீ பாத்துச் சிரிக்கிறியே, அவன் யாருன்னு கேக்கறேன்."

நெரெய்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அங்க ஒரு டிவி இருக்கு. எனக்குப் பின்னாடி வெறும் பச்சைச் சுவருதான். மேப்பு கிடையாது, மேகம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த டிவியைப் பாத்தாத்தான் கை எங்க இருக்குன்னு தெரியும்."

ஒப்துலியா இறாலை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "டிவியைப் பாத்து எவளாச்சும் சிரிப்பாளா?"

"மேப்பு மாறுற நேரத்துல மூஞ்சி இறுகிப்போயிருது, சிரிச்ச மாதிரி இருன்னு எங்க மேனேஜர் அர்ரோனிஸ் சார் சொல்லியிருக்காரு, அத்தை."

"ஓஹோ. சிரிக்கச் சொல்லவும் அங்க ஒரு சார் இருக்காரு." ஒப்துலியா மகனைப் பார்த்தாள்.

இந்தச் சந்தேகம் அந்த வீட்டில் முளைத்ததல்ல. துறைமுக வாசலில் இருக்கும் பீர்க்கடையில் முளைத்தது. ருதிலியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வடக்கேயிருந்து வாடை இறங்கினால் வெராக்ரூஸ் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். கிரேன்கள் நின்றுவிடும், படகுகள் கரையேறிவிடும். ஆண்களெல்லாம் பீர்க்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வாடையை முதல் நாள் மாலையே ஊருக்குச் சொல்கிறவள் நெரெய்தா. "உன் பொண்டாட்டி வாயைத் தொறந்தா போதும், துறைமுகமே மூடிக்குது. வீட்ல உன் கதி என்னடா?" என்பார்கள். ருதிலியோவும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

இடது பக்கப் பார்வையைக் கண்டுபிடித்தவன் அவன் நண்பன் ஃபெர்மீன். சொந்தப் படகு வைத்திருக்கும் மீனவன் அவன். "தினம் ஒரே எடத்துல கண்ணு போகுது பாரு. போகும்போது சிரிப்பும் வருது. அங்க எவனோ நிக்கறான் மச்சான். நான் சொல்லல, அவ கண்ணு சொல்லுது." கடையே கைதட்டியது.

ஹலாபாவில் காற்றையும் மழையையும் முறையாகப் படித்துவிட்டு வந்தவள் நெரெய்தா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தொலைக்காட்சி நிலையத்தில் அவளிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உடுப்பு அறையில் ஒரு துணிக்கடைக்காரர் இலவசமாய்த் தந்த கவுன்கள் தொங்கின. எல்லாமே மூச்சு விட்டால் தையல் தெறிக்கும் அளவு இறுக்கம். "இதைத்தான் ஜனங்க பாப்பாங்க," என்றார் அர்ரோனிஸ். காலை அறிக்கை வாசிக்கும் பல்தசார் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பான். அவனும் அதே இடது பக்கத் திரையைப் பார்த்துத்தான் கையை வைப்பான். அவன் மனைவி அதைப் பிடித்து வைத்து நிறுத்திப் பார்த்ததாக ஊரில் பேச்சில்லை.

"நாளைக்கு ஒரு தரம் பாப்பேன்," என்றான் ருதிலியோ. "கண்ணு நேரா இருக்கணும். அந்தப் பக்கம் போச்சுன்னா அன்னைக்கோட வேலை முடிஞ்சுது."

"நேராப் பாத்தா கையை எங்க வைப்பேன்?"

"படிச்சவதானே? மேப்பு மனப்பாடமா தெரியாது?"

தெரியும். ஆனால் சுவரில் ஒரு புள்ளிகூட இல்லாதபோது, தெரிந்த ஊரைத் தொடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு சட்டிக்கு உப்புப் போடுவதும் ஒன்றுதான். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மாலை அவள் வானிலைப் படங்களை இரண்டு தரம் பார்த்தாள். பெரிய வாடை. விடிவதற்குள் துறைமுகத்தில் அறைந்து, தெற்கே அல்வராதோ வரை கடலைப் புரட்டிவிடும். நல்ல வேளை, முந்தின மாலையே சொல்லிவிடலாம்.

விளக்குகள் எரிந்தன. கேமராவுக்குப் பின்னாலிருந்து தாச்சோ கையை அசைத்தான். நெரெய்தா கேமராவின் கறுப்புக் கண்ணையே பார்த்தாள். அதற்குள் அவள் வீட்டுக் கூடம் இருந்தது. ரிமோட்டைப் பிடித்த கை இருந்தது. இறால் உரிக்கும் விரல்கள் இருந்தன.

"வெராக்ரூஸ் துறைமுகத்துல நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே பலமான வாடை அடிக்கும். சின்னப் படகுகள் கடலுக்குப் போக வேண்டாம்," என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லும்போது துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தாள். தாச்சோ இடது பக்கத் திரைக்கு ஓடிப்போய், தலையில் கைவைத்துக்கொண்டு என்னவோ காட்டியதை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றுதானே உத்தரவு.

அவள் கை வடக்கே வெகுதூரத்திலிருக்கும் துஸ்பான் மேல் இருந்தது. வெராக்ரூஸ் துறைமுகத்தை அவள் உடம்பே முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்ததும் ருதிலியோ, "இப்ப முடிஞ்சுதா இல்லையா? மனசு வெச்சா எல்லாம் முடியும்," என்றான். அன்று அவளுக்கும் சேர்த்து அவனே காபி கலந்தான்.

வாடை சொன்னபடி வந்தது. துறைமுக அலுவலகம் எச்சரிக்கைக் கொடி ஏற்றுவதற்கு முன்பே ஃபெர்மீன் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அலை படகைத் தூக்கிக் கடல்சுவரின் பாறைகளில் அடித்தது. படகு போயிற்று. ஃபெர்மீன் தப்பினான், வலது தோள் நொறுங்கி.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துகொண்டு அவன் கத்தியது நடைவரை கேட்டது: "துஸ்பான்லதான் காத்துன்னு கையை வெச்சுக் காட்டினா! நாங்க அத்தனை பேரும் பாத்தோம்!"

நெரெய்தா கட்டில் ஓரமாக வந்து நின்றாள். "துறைமுகம்னு வாயால சொன்னேனே, ஃபெர்மீன். கேக்கலையா?"

"எப்படிக் கேக்கும்? கடையில பாட்டுப் போட்டிருப்பான். நீ வரும்போது டிவிக்குச் சத்தம் வைக்கறதேயில்ல."

"என்னைக்குமேயா?"

ஃபெர்மீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் நின்ற ருதிலியோ அவன் போர்வையைச் சரிசெய்தான். அத்தனை மாலையும் அந்தக் கடை அவளைக் கண் இமைக்காமல் பார்த்திருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. நெரெய்தாவுக்குக் காது இரண்டும் சுட்டன. அது வெட்கம் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் கோபம் என்று தெரிந்தது.

நிலையத்தில் அர்ரோனிஸ் மேசையைத் தட்டினார். "உனக்குக் கண்ணு எங்க போச்சு? ஊரே நாறுது!"

"கண்ணு எங்கேயும் போகக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க, சார்," என்றாள் நெரெய்தா. அவருக்குப் புரியவில்லை. அவள் வெளியே போய், மருத்துவமனையிலிருந்து கூடவே வந்து வாசலில் நின்ற ருதிலியோவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். "வா. யாரு நிக்கறான்னு நீயே பாரு."

துறைமுகம் மூடியிருந்ததால் அவன் வேலைச் சட்டையோடு வந்திருந்தான். மேலே கிரேன்காரர்கள் போடும் பளீர்ப் பச்சை மேலங்கி. தாச்சோ அவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டான்.

"எங்கப்பா மேப்பு?" என்றான் ருதிலியோ, சுவரைத் தடவிப் பார்த்தபடி.

"இடது பக்கம் பாரு, தம்பி," என்றான் தாச்சோ.

அங்கே ஓர் ஆளும் இல்லை. இரும்புக் காலில் நிற்கும் ஒரு திரை மட்டும் இருந்தது. அதில் வளைகுடா முழுவதும் தெரிந்தது. நடுவே ருதிலியோவின் தலையும் இரண்டு கைகளும் மிதந்தன. பச்சை மேலங்கி இருந்த இடத்தில் வயிறும் இல்லை, மார்பும் இல்லை. மேகம் ஓடிக்கொண்டிருந்தது.

"பச்சையா எதைப் போட்டாலும் முழுங்கிடும்," என்று தாச்சோ சிரித்தான். "நல்லவேளை, தலையாச்சும் மிஞ்சிச்சு."

ருதிலியோ ஒரு கையைத் தூக்கினான். திரையில் கை யுகத்தான் தீபகற்பத்தின் பக்கம் போயிற்று. இன்னொரு கையைத் தூக்கினான். திரையை விட்டு அவன் கண் நகரவேயில்லை. மெல்ல அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவனுக்கு அது தெரியாது. நெரெய்தா பார்த்தாள்.

'முடிந்தது. இனி இவனுக்குச் சந்தேகம் இருக்காது,' என்று நினைத்தாள்.

ருதிலியோ மேடையை விட்டு இறங்கினான். திரையைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தான். கம்பிகளையும் சுவரையும் பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"அப்போ இத்தனை நாளும் நீ உன்னையேதான் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தியா?"

நெரெய்தா ஓரடி பின்வாங்கினாள்.

"எவனோ ஒருத்தன்னு நெனச்சேன். அதைவிட இது மோசம். ஊரே பாத்துக்கிட்டிருக்கு, இவ கண்ணாடி முன்னாடி நிக்கற மாதிரி தன் அழகைத் தானே பாத்து ரசிச்சுக்கிட்டு நிக்கறா." அவன் தொலைபேசியை எடுத்து அம்மாவிடம் சொன்னான். மறுமுனையில் ஒப்துலியா பேசியது நெரெய்தாவுக்கும் கேட்டது: "ஆள் இருந்திருந்தா அவனை விரட்டியிருக்கலாம். இதை எப்படிடா விரட்டுவ? கூட்டிக்கிட்டு வந்துரு."

"கேட்டுச்சில்ல?" என்றான் ருதிலியோ. "இன்னைக்கு வாசி. கடைசியில, நான் இனிமே வரமாட்டேன்னு ஜனங்களுக்கு நீயே சொல்லிட்டு இறங்கு. நான் இங்கேயே நிக்கறேன்."

நிற்பதற்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் அந்தத் திரையின் பக்கம். தோளைத் திரையில் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். நெரெய்தா அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். இப்போது நிஜமாகவே இடது பக்கம் ஓர் ஆண் நிற்கிறான்.

அவள் உடுப்பு அறைக்குப் போகவில்லை. வந்த சட்டையோடே சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கவுன் எங்க?" என்று காதுக்குள் அர்ரோனிஸின் குரல் கேட்டது. அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"தாச்சோ, மேப்பு வேண்டாம். என் மூஞ்சியை மட்டும் கிட்டத்துல காட்டு."

"வேலை போயிரும் பொண்ணே."

"யாரு வேலை? உன்னுதா, என்னுதா?"

தாச்சோ பின்னால் கண்ணாடி அறையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கேமராவை மெல்ல முன்னால் தள்ளினான்.

"வணக்கம்," என்றாள் நெரெய்தா. "இன்னைக்கு மேப்பு கிடையாது. கையால எதையும் காட்டப் போறதில்ல. வாயால மட்டும்தான் சொல்லப் போறேன். வீட்ல இருக்கறவங்க கிட்ட வந்து உக்காருங்க. துறைமுக வாசல் கடையில இருக்கறவங்க பாட்டை நிறுத்திட்டு டிவி சத்தத்தைக் கூட்டுங்க. நீங்க கூட்டறவரைக்கும் காத்திருக்கேன்."

காத்திருந்தாள். அப்படி ஒரு மௌனம் அந்த நிலையத்தில் அதற்கு முன் ஒளிபரப்பானதே இல்லை. கண்ணாடி அறைக்குள் அர்ரோனிஸ் இரண்டு கைகளையும் ஆட்டினார். அவள் சிரிக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல.

பிறகு சொன்னாள். காற்று எங்கே தொடங்குகிறது, எந்தக் கரையை எப்போது அடிக்கும், அலை எவ்வளவு எழும், யார் கடலுக்குப் போகக் கூடாது என்று, ஊர் ஊராகப் பெயர் சொல்லி, அவசரமில்லாமல் சொன்னாள். நேற்று தன் கை தப்பாகப் போனதையும் சொன்னாள். "வார்த்தை தப்பில்ல. ஆனா கை தப்பாப் போச்சு. ஒருத்தர் படகு போச்சு. கண்ணை நேரா வெச்சுக்கோன்னு எனக்குச் சொன்னாங்க, நான் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

திரையோரம் ருதிலியோ கட்டியிருந்த கைகளை இறக்கினான். 'சொல்லு, இப்பச் சொல்லு' என்பதுபோல் விரலை ஆட்டினான்.

"நாளைக்குச் சாயங்காலம் இந்த வாடை தணியும்னு தோணுது," என்றாள் நெரெய்தா. "தணியுதா இல்லையான்னு நாளைக்கு நானே வந்து சொல்றேன்."

விளக்குகள் அணைந்தன. அவள் ஒலிவாங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தாச்சோ நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தாள்.

ருதிலியோ இன்னும் அதே இடத்தில்தான் நின்றான். வாசித்தபோதும் சரி, போகும்போதும் சரி, அவள் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.