பிறைக்குச் சாட்சி

பாலாவிச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிற்கலாம் என்று ஸுஹைப் ஓரம் கட்டியபோது அக்ரம் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு, "நீங்க குடிச்சிட்டு வாங்க. நான் மெல்லப் போறன்," என்றான். தில்லையடியிலிருந்து புறப்பட்டு இன்னும் சட்டைகூடச் சரியாக நனையவில்லை. அதற்குள் என்ன அவசரம் என்று மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோன்பு தொடங்குமுன் ஒரு ஓட்டம் போய், கடற்கரையில் டென்ட் அடித்துத் தங்கி வருவோம் என்பது ஸுஹைபின் ஏற்பாடு. பள்ளிக்கூட மாஸ்டரான அவன், வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் நாடு நாடாகப் போகும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கம்பிக்கு அடியில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று என்று பைகளும் வாங்கி வைத்திருந்தான். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முனாஸ் அந்தச் செலவுக்கெல்லாம் மசியவில்லை. மகளின் பழைய புத்தகப் பையைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பையில் ஒரு பூனைக்குட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. "இது உலகத்தச் சுத்தப் போறவன்ட சாமானாடா?" என்று ஸுஹைப் வழிநெடுக அவனை வம்புக்கு இழுத்தான்.

போகும் நாளையும் ஸுஹைப்தான் குறித்தான். அன்று நோன்பு மாதத்துக்கு முந்திய ஷஃபானின் பிறை இருபத்தொன்பது, புதுப்பிறை தென்பட்டால் மறுநாளே நோன்பு. கண்டக்குழிக் கரையில் மேற்கே மரமில்லை, கட்டடமில்லை, வெறுங்கடல். தலைப்பிறையைக் கண்ணால் காணலாம் என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகவே அக்ரம் வருகிறேன் என்று சொன்னான். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இருட்டியதும் தலையிடி என்று டென்டுக்குள் படுத்துவிட வேண்டும். இதுதான் அவன் போட்ட கணக்கு.

அக்ரம் வேன் ஓட்டுகிறவன். பகல் ஹயர் ஓட்டத்துக்கு தில்லையடியில் ஆள் ஏராளம். ஆனால் எயார்போட்டுக்கோ கொழும்பு ஆஸ்பத்திரிக்கோ இரவோடிரவாகப் போக வேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது அவன் பெயர்தான். தூங்கமாட்டான், அலட்டமாட்டான், முந்துகிறேன் பேர்வழி என்று உயிரை வாங்கமாட்டான். அந்தப் பெயரில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவனுக்கு இருட்டில் கண் தெரியாது. தெரிந்தவர் யார் கண்ணிலும் படக்கூடாதென்று சிலாபம் வரை போய்க் காட்டினான். அந்த டொக்டர் நோனா சிங்களத்தில் பொறுமையாகத்தான் சொன்னார். மாலைக்கண் வெறும் தொடக்கம். பக்கப் பார்வையும் ஒடுங்கிக்கொண்டு வருகிறது. மருந்து கிடையாது. இரவில் இனி வாகனத்தைத் தொடக்கூடாது, பகல் ஓட்டமும் அதிக காலத்துக்கு இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஷிம்லாவிடம், கண்ணாடி போட வேண்டுமாம் என்று சொன்னான். அன்றைக்கும் இரவு ஹயர் ஒன்று இருந்தது. போனான். முன்னே போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ் காப்பாத்துவான் என்று முணுமுணுத்தபடி ஓட்டினான். காப்பாற்றவும் செய்தான். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. பத்திரமாக வந்து சேர்ந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் துணிச்சல் கொடுத்தது.

நுரைச்சோலையைத் தாண்டும்போது வாடைக்காற்று முகத்தில் அடித்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எவ்வளவு மிதித்தாலும் பின்னால் போகாமல் பக்கத்திலேயே நின்றது. மிளகாய்த் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. அக்ரம் தலையைக் குனிந்துகொண்டு மூச்சு வாங்க மிதித்தான். முனாஸ் பின்னாலிருந்து, "ஆரடா ஒன்னத் தொரத்துற?" என்று கத்தினான். அக்ரம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் நினைத்தபடியே வெளிச்சத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். டென்டையும் அவனே ஓடியாடி அடித்தான். ஆனால் சூரியன் கடலில் இறங்கியபோது படுக்கப் போக முடியவில்லை. ஊர்ச் சனம் சின்னதும் பெரிசுமாகக் கரைக்கு வந்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு மேற்கைப் பார்த்து நின்றது. முனாஸ் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் கிணற்றடிக்குப் போயிருந்தான். ஸுஹைப், அக்ரமின் தோளில் கைபோட்டுத் தன்னோடு நிறுத்திக்கொண்டான்.

அக்ரமுக்குக் கடலும் வானமும் அதற்குள் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன. அலை எங்கே உடைகிறது என்பதைக் காதால் அறிந்தான். திடீரென்று ஸுஹைபின் விரல்கள் தோளில் இறுகின.

"அந்தா! அந்தா மச்சான்! அந்தக் கறுத்த மேகத்துக்கு மேல, சூரியன் விழுந்த எடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம். மெல்லிசா, ரெண்டு கொம்பும் மேல பாத்துக்கொண்டு. கண்டியா?"

"ஓம்," என்றான் அக்ரம். "கண்டன்."

ஒரு வருடமாகச் சொல்லிவந்த எல்லாப் பொய்களையும் போல இதுவும் தானாகவே வந்தது. மேகம் உடனே மூடிக்கொண்டது. சனம் ஓடி வந்து எங்கே எங்கே என்று தேடியது. வேறு ஒருவர் கண்ணுக்கும் அகப்படவில்லை.

ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகியான நெய்னார் ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொலைபேசி ஏற்கெனவே கையில் இருந்தது. "கண்டது நீங்க ரெண்டு பேரும் மட்டும்தான் மகன். கொழும்புப் பிறைக் கமிட்டியில தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. தனித்தனியா எனக்குச் சொல்லுங்க," என்று முதலில் ஸுஹைபைத் தள்ளி அழைத்துப்போனார். பிறகு அக்ரமிடம் வந்தார்.

"என்ன தொழில் செய்றீங்க மகன்?"

"வேன் ஓடுறன், ஹாஜியார்."

"அப்ப கண் நல்லாத்தான் இருக்கும். அல்லாஹ்வச் சாட்சியா வச்சுச் சொல்லுங்க. ஒங்கட கண்ணால கண்டீங்களா?"

சொல்ல வேண்டியது எல்லாம் காதில் தயாராக இருந்தது. மேகத்துக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கம், கொம்பு இரண்டும் மேலே. திருப்பிச் சொன்னால் முடிந்தது. இவன் சொல்லை வைத்து நாடு முழுக்க இன்றிரவு தராவீஹ் தொழும், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு உலை வைக்கும், நாளைக்குப் பசித்திருக்கும். அக்ரமுக்குப் பயம் வந்தது. பயந்ததும்தான் வெட்கம் வந்தது. ஒரு வேன் நிறையச் சனத்தை, மடியில் தூங்கும் பிள்ளைகளோடு, இதே கண்ணை நம்பி இருட்டுக்குள் கொண்டு போனபோது இந்தப் பயம் எங்கே போயிருந்தது?

"நான் காணல்ல, ஹாஜியார்."

"என்னடா கதைக்கிறாய்?" ஸுஹைப் பாய்ந்து வந்தான். "என்னோட நிண்டு கண்டன் எண்டாய்தானே! இப்ப நான் பொய்யனா?"

"நீ கண்டாய் மச்சான். நான்தான் பொய் சொன்னன்."

"ஏன்?"

"எனக்கு மஹ்ரிபுக்குப் பொறகு, இருட்டினா ஒண்டும் தெரியிறல்ல. ஒரு வருசமாகுது."

ஹாஜியார் அக்ரமை விட்டுத் திரும்பினார். ஸுஹைபின் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு தொலைபேசியை அவன் கையில் கொடுத்தார். ஸுஹைப் யாரோ ஒருவருக்கு, மேகத்துக்கு மேல, வலப்பக்கம், ஓம், நான் மட்டும்தான் என்று சொல்வது கேட்டது. அவன் குரல் உடைந்திருந்தது. "முடிவு வந்ததும் பள்ளி லவுட்ஸ்பீக்கர்ல சொல்லுவம்," என்று ஹாஜியார் நடந்தார். சனமும் மெல்லக் கலைந்தது.

மணலில் போத்தல்களை வைக்கும் சத்தம் கேட்டது. முனாஸ் எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று அக்ரமுக்குத் தெரியவில்லை. குரல் வந்த பிறகுதான் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தது.

"போன மாசம் என்ட உம்மாவக் கிளினிக்குக் கொண்டு போனாய். சுபஹுக்கு முந்தி, இருட்டோட."

"ஓம்."

"மகளும் வேன்ல இருந்தாள். மாதம்பையில ரோட்ட விட்டு எறங்கிச்சு. மாடு குறுக்க வந்தது எண்டு சொன்னாய்."

அக்ரம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினான்.

"நான் கடைக்கு வாற எல்லாருக்கும் சொன்னன். அக்ரமா இருந்தபடியாத்தான் தப்பினாங்க எண்டு சொன்னன். மாடு வந்ததாடா?"

"மாடு வரல்ல, முனாஸ்."

ஸுஹைப் மணலில் தொப்பென்று உட்கார்ந்தான். முனாஸ் அடிப்பான் என்று அக்ரம் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று தெரியாததால் உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு நின்றான்.

"வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?" என்றான். கேட்ட பிறகு, அதை இவர்களிடம் கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது.

"நாளைக்கு எவன்ட புள்ளயள ஏத்தப் போறாய்?" என்றான் முனாஸ்.

அக்ரமுக்கு நாளை மறுநாள் எயார்போட் ஹயர் இருந்தது. சவூதிக்குப் போகும் ஒரு பெண், வழியனுப்ப அவளுடைய மூன்று பிள்ளைகள்.

"வேன் சாவி எங்க?"

"என்னட்டத்தான் இருக்கு." அக்ரம் பொக்கட்டுக்குள் கைவிட்டு அதை எடுத்தான். அவன் அழுதான். இருட்டில் தனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும் என்பதை மறந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் அழுதான்.

"அக்ரம்," என்று கீழேயிருந்து ஸுஹைப் கூப்பிட்டான். "முனாஸ் கைய நீட்டிக்கொண்டு நிக்கிறான்டா. எவ்வளவு நேரமா."

"எங்க?"

சாவிக்காக நீட்டுகிறானா, தனக்காகவா என்று அக்ரமுக்குத் தெரியவில்லை. சாவியை இடக்கையில் இறுக்கிக்கொண்டு, வெறும் வலக்கையை முனாஸின் குரல் கடைசியாக வந்த பக்கமாக நீட்டினான். பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர் கொரகொரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அக்ரம் ஓரடி முன்னே வைத்தான், விரல்களை விரித்து, காற்றைத் துழாவிக்கொண்டு.